எழுந்து போகலாமா?

ஒரு சாண் அகலமுள்ள சிறிய தோல் கருவி கஞ்சிரா. பஜனையில் தாளம் போட்டுக் கொண்டிருந்தது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அதைக் கச்சேரி மேடையில் ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் கொடி கட்டிப் பறந்தார்.

2024-ல் "சக்தி" இசைக்குழுவுக்கு அமெரிக்காவில் கிராமி விருது கிடைத்தது. அந்தக் குழுவில் கஞ்சிரா வாசித்தவர் தமிழரான செல்வகணேஷ்.

உலகம் பாராட்டுகிறது. உள்ளூரில் நடப்பது என்ன? பாட்டு நின்று, தாள வாத்தியங்கள் மட்டும் முழங்குவது "தனி ஆவர்த்தனம்". அது தொடங்கியதுமே பலர் காபி குடிக்க எழுந்து விடுகிறார்கள்!

மிருதங்கமும் கஞ்சிராவும் மாறி மாறிப் பேசும் நேரம் அது. பல ஆண்டு உழைப்பு அந்தச் சில நிமிடங்களில்தான் தெரியும். காபி பிறகும் கிடைக்கும். உட்கார்ந்து கேளுங்கள். குழந்தைகளையும் கேட்கச் செய்யுங்கள்!