இமையத்தை வாழ்த்தினோம், ஆரோக்கியத்தை?

தோழர்களே, 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலுக்குக் கிடைத்தபோது வாழ்த்துப் பதிவு போட்டோம். அவருடைய முதல் நாவல் 'கோவேறு கழுதைக'ளை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? 1994-இல் வந்தது. கடலூர் மாவட்டத்துக்காரர், அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே எழுதியவர்.

அந்த நாவலின் ஆரோக்கியம் ஒரு புதிரை வண்ணாத்தி. அவள் வெளுப்பது ஊர்த்தெருத் துணியை அல்ல, நம் காலனித் துணியை. பிரசவமும் பார்க்கிறாள். கூலி? ராத்திரியில் வாசல் வாசலாக நின்று வாங்கும் சோறு, அறுவடையில் கொஞ்சம் தானியம். நம் அழுக்கை நாமே காட்டலாமா என்று அன்றைக்கே கோபப்பட்டவர்கள் உண்டு. வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமைக்கு நீதி கேட்கிற நேரத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று புதுக்கோட்டையில் ஒரு தம்பி என்னிடமே கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நம் கூட்டங்களில் புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளை மைக் பிடித்து நான் பார்த்ததில்லை. 2009-இல் அவர்களுக்கு நலவாரியம் வந்தும், சாதிச் சான்றிதழுக்காக இன்னும் தாலுகா அலுவலகத்துக்கு அலைகிறார்கள். அந்த மனுவோடு நம்மில் யார் கூடப் போனோம்?

அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு இந்த நாவலை எடுப்போம். அந்த வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், முதலில் அவர்கள் பேசட்டும்.