நிழற்படமும் அதற்குரியாரும்

மறைந்தாரை மறவாமை மக்கட்பண்புகளுள் தலையாயது. அப்பண்பு செல்வர்க்கும் கற்றார்க்கும் மட்டுமே உரியதன்று என்பதற்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளே தக்க சான்று. இங்கே வயல்வெளிகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் பல காணப்படுகின்றன. ஆநிரை மீட்கச் சென்று பட்ட வீரனுடைய உருவம் படைக்கலம் ஏந்திய கோலத்தில் அவற்றிற் செதுக்கப்பட்டிருக்கும். எழுத்துடைய கற்கள் பலவற்றில் அரசன் பெயரோடு அவ்வீரன் பெயரும் சேர்ந்தே நிற்கும். முடியணியாத ஒருவனுக்கும் உருவும் பெயரும் நிலைபெறல் வேண்டுமெனக் கருதிய நாடு இது. அத்தகைய நாட்டில் இன்று வாழும் எளியோர்க்கு நிழற்படக்கலை என்ன செய்துள்ளது, இனி என்ன செய்தல் வேண்டும் என்பதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இக்கலை இப்பகுதிக்குப் புதியதன்று. சென்னை அரசாங்கத்தாரின் படக்கலைஞராக நியமனம் பெற்ற காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார், பெங்களூரினின்று தெற்கு நோக்கிப் பயணம் செய்தபோது இராயக்கோட்டையைப் படம் பிடித்தார். இராயக்கோட்டையும் அன்றைய சேலம் ஜில்லாவின் பிற இடங்களும் அடங்கிய அவருடைய படத்தொகுதி 1858இல் வெளிவந்தது. மெழுகூட்டிய காகிதத்தில் ஒளியைப் பதிக்கும் அவருடைய முறைக்கு நெடுநேரம் வேண்டும். ஆகவே அசையாத பாறையும் மதிலும் அவர் படங்களில் தெளிவாய் விளங்க, மனிதரோ அரிதாகவே தோன்றுகின்றனர். அஃது அக்காலக் கருவியின் குறை. இன்று அக்குறை முற்றும் நீங்கிவிட்டது. எனினும் நம் மக்களிற் பலர்க்கு நல்லதொரு படம் இன்னும் வாய்த்திலது. இக்குறையைக் கருவியின்மேற் சுமத்த இயலாது.

ஓசூரைப் பாருங்கள். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் அவ்வூர் ஆலைகளால் வளர்ந்துவந்துள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லையூர் அது. இப்பொழுது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளரின் மொழிகளும் அங்குக் கேட்கின்றன. ஆலைவாயிலில் காட்டும் அடையாள அட்டையிலும், ஆதார் அட்டையிலும், குடும்ப அட்டையிலும் அவர்கள் முகம் உண்டு. ஆனால் அவை அவர்களை எண்ணிக் கணக்கிட எடுத்தவை. அவர்களை அன்புடன் நோக்கி எடுத்தவையல்ல. ஒருவர் இறந்த அன்று வீட்டார் தேடி அலைந்து, அட்டையிலுள்ள அச்சிறு படத்தையே பெருக்கி, மங்கிய அவ்வுருவத்துக்கு மாலையிடுவதை நம்முட் பலர் கண்டிருக்கின்றோம். நாற்பது ஆண்டு உழைத்து ஒரு குடும்பத்தை ஆளாக்கிய தாய்க்கு அதுதானா எஞ்சும் உருவம்?

முன்னாளில் இக்குறையை ஓரளவு தீர்த்து வந்தவர் ஊரிலிருந்த ஸ்டூடியோக்காரர். காதுகுத்து, பள்ளிக்கூடத்துக் குழுப்படம், கலியாணம், அறுபதாங்கலியாணம் எனக் குடும்பங்களின் நற்பொழுதுகளிலெல்லாம் அவர் உடனிருந்தார். எந்த வீட்டில் எப்பொழுது குழந்தை பிறந்தது என்பதும் அவர் அறிவார். அவருடைய பெட்டிகள் ஓர் ஊரின் சரித்திரத்தையே அடக்கியவை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணைகொண்டு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழம் படங்களைத் தேடிப் படியெடுத்தது இதுபற்றியே. மூடப்படும் ஒவ்வொரு ஸ்டூடியோவோடும் எத்தனை முகங்கள் மறைகின்றன என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

இனி, கைதோறும் கைபேசி உள்ள காலத்தில் இக்கவலை எதற்கு என்பாருமுளர். கைபேசியின் பாகங்களையே ஆக்கும் ஆலை அமைந்த வட்டாரத்தில் இவ்வினா எழுதல் இயல்பே. ஆனால் ஆயிரம் படங்களைத் தாங்கிய கைபேசி பழுதுற்றால் ஆயிரமும் ஒருங்கே போம். அன்றியும், படம் எடுப்பவர் கையிலேயே தங்கிவிடுகிறது. எடுக்கப்பட்டவர் கைக்கு வருவதில்லை. 2011இல் ஜப்பானைக் கடல்கோள் அழித்தபின், சேற்றிற் புதைந்த குடும்பப் படங்களைத் தொண்டர்கள் ஒவ்வொன்றாய்க் கழுவி உரியோரிடம் சேர்க்க முயன்றனர். வீடிழந்தோர் அவற்றைத் தேடி வந்தனர். காகிதத்தில் அச்சிட்ட படமாதலின் அவ்வளவேனும் மீண்டது. அமெரிக்க நாட்டு நாஷ்வில் நகரத்துப் படக்கலைஞர் ஜெரெமி கௌவர்ட் என்பார் 2009இல் ஓர் இயக்கம் தொடங்கினார். வறியோரை நாடிச் சென்று, படம் எடுத்து, அச்சிட்டு, அவர் கையிலேயே கொடுத்துவிடுதல் அதன் முறை. உரியவர் கையிற் சேரும்வரை படம் முற்றுப்பெறவில்லை என்பதே நம் கருத்துமாகும்.

இத்தொண்டுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. எவரும் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைக் கூறுவோம். முதலில் கைபேசியின் கண்ணாடி வில்லையைத் துணியால் துடைத்திடுக. உச்சிவெயிலில் நிறுத்தினால் கண்குழிகள் இருண்டுபோம். ஆதலால் வாசற்படிக்குச் சற்று உள்ளே, வெளிச்சத்தை நோக்கி அமரச் செய்க. முகத்தருகே கருவியை நீட்டினால் மூக்குப் பெருத்துத் தோன்றும். ஐந்தாறடி விலகி நிற்க. கருவி அவர் கண்மட்டத்தில் இருத்தல் வேண்டும்; முதியோரை மேலிருந்து நோக்கி எடுத்தல் ஆகாது. நிறத்தை வெளுப்பாக்கிச் சுருக்கத்தை அழிக்கும் ஒப்பனை வசதியை நிறுத்திவிடுக. கருநிறமும் சுருக்கமும் அவர் வாழ்வின் எழுத்துக்கள். எடுப்பதற்கு முன் சிறிது நேரம் அவரோடு உரையாடுக. உடலின் விறைப்பு நீங்கியபின் முகம் தானே மலரும். ஆறங்குலத்துக்கு நான்கங்குலம் அச்சிடுக. பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் அவரவர் மொழியிலேயே எழுதுக. சட்டமிடுங்கால் கண்ணாடி படத்தைத் தொடாதவாறு இடைவெளி விடுக. இல்லையேல் ஈரப்பதத்தால் ஒட்டிக்கொள்ளும்.

இவையெல்லாவற்றினும் மேலானது ஒன்றுண்டு. அனுமதி கேளாது எவரையும் படம் எடுத்தலாகாது. குழந்தையாயின் பெற்றோரைக் கேட்டல் வேண்டும். ஏழைமையைக் காட்சிப்பொருளாக்கி, நம் கொடையைப் பறைசாற்ற அப்படங்களை இணையத்தில் இடுதல் அறமன்று. தாம் விரும்பிய உடையில், தாம் விரும்பியவாறு அமர்ந்து தோன்ற ஒவ்வொருவர்க்கும் உரிமையுண்டு. அவர் வேண்டாமென்றால் அத்தோடு நிற்பதே மரியாதை.

நம் கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று கூறி முடிப்போம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் முகாமுக்காகக் கிராமங்களில் தங்கும்போது, அந்நாட்களுள் ஒன்றை இப்பணிக்கென ஒதுக்குங்கள். ஓசூர்த் தொழிலாளர் விடுதியாயினும், தேன்கனிக்கோட்டைக்கு அப்பாலுள்ள மலைச்சிற்றூராயினும் செல்லுங்கள். அருகிலுள்ள ஸ்டூடியோக்காரரை ஆசானாகக் கொண்டு, அச்சிடும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். அவர் தொழிலும் நிலைக்கும். விடுமுறைக்கு வீடு செல்வோர் தம் பாட்டனாரிடமிருந்தும் பாட்டியாரிடமிருந்துமே தொடங்கலாம். பழைய மாணவர்கள் அச்சுச்செலவை ஏற்பார்களாயின் அதுவே சிறந்த கொடை. மாடு மீட்டவனுக்குக் கல் நட்ட மண்ணில், நம்மை வளர்த்தோர்க்கு ஒரு காகிதப் படமேனும் உயிரோடிருக்கும்போதே கிடைப்பதாக.