ஒன்றேகால் மணி நேரம் என்ற பொய்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் "அது வெளிநாடாச்சே!" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு நேர்க்கோட்டில் சுமார் 360 கி.மீ. தான். கோவையும் மதுரையும் இதைவிடத் தள்ளி இருக்கின்றன, இரண்டுமே வான்வழியில் 400 கி.மீ.யைத் தாண்டும். இறக்கையில் விசிறி சுழலும் சின்ன ஏடிஆர் விமானத்தில் போனாலும் பலாலிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்.

"உலகம் எவ்வளவு சுருங்கிப் போச்சு பாருங்க" என்று பூரிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். சுருங்குவதற்கு அந்த 360 எப்போது கூடியது?

போருக்கு முன்பு பலாலியிலிருந்து தமிழகத்துக்கு விமானம் பறந்தது. பிறகு பல பத்தாண்டுகள் கிடையாது. அப்போது யாழ்ப்பாணத்துக்குப் போக வேண்டியவர் என்ன செய்தார்? தெற்கே 650 கி.மீ. பறந்து கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்கவில் இறங்கினார். அங்கிருந்து வடக்கே சுமார் 400 கி.மீ. பஸ்ஸில் திரும்பி வந்தார். போக வேண்டிய வீட்டைத் தாண்டிப் போய்விட்டு மறுபடி அதே வீட்டுக்கு வருவது! ஏ9 சாலையை மூடி வைத்திருந்த வருடங்களில் அந்த பஸ்ஸும் இல்லை. 2019 நவம்பரில் சென்னை-பலாலி விமானம் வந்தது, 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது, 2022 டிசம்பரில்தான் மறுபடி பறந்தது. நடுவில் அந்த இரண்டே முக்கால் வருடம் தீவு என்ன, நகர்ந்தா போயிருந்தது?

சரி, கடலுக்கு இந்தப் பக்கக் கணக்குக்கு வருவோம். சுங்குவார்சத்திரத்தில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஒருவர் யாழ்ப்பாணம் கிளம்புகிறார் என்று வையுங்கள். மீனம்பாக்கம் 40 கி.மீ. சொச்சம். கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஸ்ரீபெரும்புதூரில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கிற காலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஆனால் அதிசயமில்லை. வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னாடியே வரச் சொல்வார்கள். ஆக, தரையில் நாலரை, வானத்தில் ஒன்றேகால். இதில் எந்த எண்ணை "பயண நேரம்" என்று போடுகிறார்கள்? சின்னதை!

"அதுக்குத்தானே பரந்தூர் வருது" என்று உடனே ஒரு குரல் எழும். வரட்டும். சுங்குவார்சத்திரத்துக்காரருக்குப் பரந்தூர் பக்கத்து ஊர் மாதிரி, அவருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகலாம். அந்த ஒரு மணி நேரத்துக்காக 13 கிராமங்களில் 5,000 ஏக்கருக்கும் மேல் கேட்கப்படுகிறது. வீடு, வயல், ஏரி எல்லாம் அந்த ஏக்கரில்தான் அடக்கம். ஏகனாபுரத்துக்காரர்கள் 2022-லிருந்து போராடி வந்தது சும்மா பொழுது போகாமலா?

மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை என்று சொல்லுங்கள். அது உட்கார்ந்து பேச வேண்டிய வாதம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் நேரம் மிச்சம் என்று மட்டும் சொல்லாதீர்கள். பரந்தூர் சென்னையிலிருந்து சுமார் 70 கி.மீ. நாளைக்குப் பலாலி விமானம் அங்கே மாறினால், இன்று மின்சார ரயிலேறி நாலைந்து ஸ்டேஷனில் திரிசூலத்தில் இறங்குகிற தாம்பரத்துக்காரருக்கு யாழ்ப்பாணம் இன்னும் தள்ளித்தான் போகும்.