நாலு தெரு தள்ளி ஆஸ்பத்திரி

சிகாகோவின் தெற்குப் பகுதியில் கறுப்பின மக்கள்தான் அதிகம். அங்கே சிகாகோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, பெரியவர்களுக்கான ட்ராமா பிரிவை 1988-ல் இழுத்து மூடியது. நஷ்டமாம்! குண்டடி பட்டு வருகிறவர்கள் பலருக்கு இன்சூரன்ஸ் இல்லை, அதான் விஷயம்.

2010 ஆகஸ்டில் 18 வயது டேமியன் டர்னர் சுடப்பட்டது அந்த ஆஸ்பத்திரிக்குச் சில தெருக்கள் தள்ளி. ஆம்புலன்ஸ் போனதோ மைல்கணக்கில் தள்ளியிருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்கு. பையன் பிழைக்கவில்லை.

அவன் சேர்ந்து தொடங்கியிருந்த இளைஞர் அமைப்பு அக்கம்பக்கத்தாரைத் திரட்டித் தெருவில் இறங்கியது. ஊர்வலம், மறியல், கைது. ட்ராமா பிரிவுக்குக் காசில்லாத இடத்தில் 2013-ல் 70 கோடி டாலர் புதுக்கட்டடம் மட்டும் பளபளவென்று திறந்தது!

2015-ல்தான் நிர்வாகம் இறங்கி வந்தது. 2018 மே மாதம் ட்ராமா பிரிவு திறந்தது. இதை நிர்வாகத்தின் பெருந்தன்மை என்பவர்கள், முப்பது வருடம் அது எங்கே போயிருந்தது என்றும் சொல்லட்டும்.