மாறாப் பகலும் மாறா இரவும்

கதிரவன் காலையில் எழுகிறான், மாலையில் மறைகிறான். இவ்வொழுங்கில் ஊறிய மாந்தர், எல்லா உலகங்களிலும் பகலும் இரவும் இவ்வாறே மாறி மாறி வரும் என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும், தொலைவிலுள்ள விண்மீன்கள் சிலவற்றைச் சுற்றிவரும் கோள்களில் ஒரு பாதி என்றும் பகலாகவும், மறு பாதி என்றும் இரவாகவும் இருத்தல் கூடும் என்பர் வானநூலார். அத்தகைய உலகில் உயிர் வாழ இயலாது என்று பலர் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். ஒரு பக்கம் வெந்து கரியும். மறு பக்கம் உறைந்து கிடக்கும். இடையே வாழ்வு ஏது என்று அவர்கள் வினவுகின்றனர். வினா நியாயமானதாகவே தோன்றுகிறது. ஆனால், அதில் ஒன்று மறக்கப்பட்டுள்ளது. அதுவே காற்று.

செக்கிழுக்கும் மாட்டை நோக்குக. அது செக்கை ஒரு முறை சுற்றி வருவதற்குள் நாற்றிசையையும் ஒரு முறை நோக்கித் திரும்பிவிடுகிறது. ஆயினும் செக்குக்கு அது காட்டுவது என்றும் ஒரே விலாப்புறந்தான். திங்களும் பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவது இவ்வாறே. பூமியின் ஈர்ப்பு, திங்களின் அண்மைப் பக்கத்தில் மிகுந்தும் சேய்மைப் பக்கத்தில் குறைந்தும் இருப்பதால், திங்கள் சிறிது நீண்டு புடைக்கிறது. அப்புடைப்பைப் பற்றி இழுக்கும் ஈர்ப்பு, பண்டு விரைந்திருந்த தற்சுழற்சியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, சுற்றும் காலமும் சுழலும் காலமும் ஒன்றாகும் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

விண்மீனுக்கு மிக அணுகிய கோள்களுக்கும் இந்நிலை நேரும். சிறு நெருப்பில் குளிர்காய்வோர் நெருங்கி அமர்தல் வேண்டும் அன்றோ? அதுபோல, மங்கலான செந்நிறக் குறுமீன்களிடம் இதமான வெப்பம் பெறும் கோள், அவற்றை மிக நெருங்கியே சுற்ற வேண்டும். 2016இல் கண்டறியப்பட்ட கோள் ஒன்று, பிராக்சிமா சென்டாரி என்னும் விண்மீனை ஏறத்தாழ 73 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், 11 நாட்களுக்கு ஒரு முறை சுற்றுகிறது. பூமிக்கும் கதிரவனுக்கும் இடையே உள்ள தொலைவோ 15 கோடி கிலோமீட்டர். டிராப்பிஸ்ட்-1 என்னும் விண்மீனுக்கு ஏழு கோள்கள் உண்டு என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. கதிரவனுக்குப் புதன் இருப்பதை விட அண்மையிலேயே அவ்வேழும் தம் விண்மீனைச் சுற்றுகின்றன. விண்மீன்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இத்தகைய செங்குறுமீன்களே. ஆதலின், மேற்கூறிய தீர்ப்பு சரியாயின், உயிரைத் தேடும் முயற்சியில் வானத்தின் பெரும்பகுதியைக் கைவிட நேரும்.

தீர்ப்பைச் சோதிக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. புதன் கதிரவனுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று 1889இல் இத்தாலிய வானநூலார் சியாபரெல்லி கூறினார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கூற்று நிலைத்திருந்தது. 1965இல் ரேடார் அலைகளைப் புதன்மீது செலுத்தி ஆராய்ந்தபோது, அது 59 நாட்களில் தன்னைத்தானே சுற்றுகிறது என்பது தெரிந்தது. அஃதாவது, கதிரவனை இருமுறை சுற்றுவதற்குள் மும்முறை சுழல்கிறது. அண்டை வீட்டுக் கோளிலேயே இத்தகைய பிழை நேர்ந்ததாயின், தொலைவிலுள்ள கோள் ஒவ்வொன்றும் கட்டுண்டே கிடக்கிறது என்று உறுதி கூறுவோர் சற்றுத் தயங்குதல் நன்று.

அப்புதனில் பகல் வெப்பம் ஏறத்தாழ 430 பாகை செல்சியஸ். இரவிலோ சுழியத்துக்குக் கீழ் 180 பாகை வரை குளிர்கிறது. வெள்ளியோ, புதனினும் மெல்லச் சுழல்வது. அதன் இரவு ஒன்று பூமியின் நாட்களில் 58 நாள் அளவு நீள்கிறது. ஆயினும், அங்கே நள்ளிரவும் நண்பகலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தன. 460 பாகைக்குக் குறைவில்லை. ஏன் இவ்வேறுபாடு? புதனில் காற்று இல்லை எனலாம். வெள்ளியில் பூமியினும் தொண்ணூறு மடங்கு அழுத்தமுடைய காற்று உண்டு. நீண்ட இரவு மட்டும் ஓர் உலகைக் குளிரச் செய்வதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கடற்கரையில் வாழ்வோர் இதன் சிறு வடிவை நாள்தோறும் காண்கின்றனர். பகலில் நிலம் சுட, அதன்மேலுள்ள காற்று எழுகிறது. கடலிலிருந்து குளிர்காற்று அவ்விடத்தை நிரப்ப வருகிறது. மாறாப் பகலுடைய கோளிலும் விண்மீனுக்கு நேர் கீழே காற்று எழும். உயரத்தில் இருட்பக்கம் நோக்கிப் பாயும். அங்கே வெப்பத்தை இழந்து தாழ்ந்து, தரைவழியே மீளும். இக்கடற்காற்று மாலையில் ஓய்வதில்லை. அங்கு மாலையே இல்லை. கோளின் சுழற்சி விரைவாயின், நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி வீசும் பெருங்காற்று ஒன்றும் உருவாகும். பாறைக்கோளில் அன்றாயினும், எச்.டி. 189733 பி என்னும் வாயுப் பெருங்கோளில், மிகச் சூடான இடம் நண்பகற் புள்ளியில் இராது கிழக்கே தள்ளியிருப்பதை 2007இல் ஸ்பிட்சர் தொலைநோக்கி காட்டிற்று. காற்றைக் கண்ணால் காணாமலே அதன் வேலையைக் கண்டனர் எனலாம்.

ஐயம் ஒன்று உண்டு. இருட்பக்கத்தின் கடுங்குளிரில் காற்றே உறைந்து வீழ்ந்துவிட்டால்? அழுத்தம் குறைந்த அவ்விடத்துக்கு மேலும் காற்று விரையும், அதுவும் உறையும், இறுதியில் காற்று முழுவதும் இருளில் பனிக்கட்டியாய்க் கிடக்கும். மெய்யான அச்சமே இது. ஆயினும், 1997இல் மனோஜ் ஜோஷியும் அவர்தம் துணைவர் இருவரும் கணித்துப் பார்த்தபோது, பூமியின் காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கரியமிலவாயு இருந்தாலே, இருட்பக்கம் அவ்வளவு குளிராதபடி அது வெப்பத்தைச் சுமந்து செல்லும் எனக் கண்டனர். 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நீர் மிகுந்த கோளில் நண்பகற் புள்ளிக்குமேல் அடர்ந்த முகில்கள் என்றும் நின்று, பந்தலிட்டாற்போல் ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று காட்டியது. வெயில் மிகுந்த இடத்திலேயே நிழலும் மிகும் என்பது வியப்பன்றோ?

இவை கணக்குகளே. கணக்கில் காற்றை முதலிலேயே வைத்துவிட்டனர். கோளில் அது உண்டா என்பது வேறு வினா. செங்குறுமீன்கள் அடிக்கடி சீறி எரிவன; அச்சீற்றம் அண்மைக் கோள்களின் காற்றைக் காலப்போக்கில் அரித்துவிடக்கூடும். எல்.எச்.எஸ். 3844 பி என்னும் பாறைக்கோளின் பகற்பக்கம் ஏறத்தாழ 770 பாகை கொதிக்க, இருட்பக்கத்தில் வெப்பமே புலப்படவில்லை என 2019இல் அறியப்பட்டது. அடர்ந்த காற்று அங்கு இல்லை. டிராப்பிஸ்ட்-1இன் முதற்கோளும் ஏறத்தாழ 230 பாகை வெப்பத்தோடு காற்றற்ற பாறை போலவே காட்சியளித்தது. இரண்டாவதில் வெள்ளியில் உள்ளது போன்ற அடர்காற்று இல்லை. இவ்விரண்டும் 2023இல் வெளியான முடிவுகள். புதிய கோள் அறிவிக்கப்படும்போதெல்லாம் நீலக்கடலும் வெண்முகிலும் தீட்டி ‘இரண்டாம் பூமி’ என்று படம் வெளியிடுவோர் இவற்றையும் படித்தல் வேண்டும். கோளை அறியாமலே இறந்தது என்பதும், அறியாமலே வளமிக்கது என்பதும் ஒரே அவசரத்தின் இரு பக்கங்கள்.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நேரத்தில் 500 மணியை இத்தகைய பாறைக்கோள்களுக்கு ஒதுக்குவதென 2024இல் முடிவு செய்யப்பட்டது. அந்நேரத்தைப் பிற துறையினரும் வேண்டி நிற்கின்றனர். கிடைப்பதினும் பன்மடங்கு கேட்கப்படுகிறது. எனினும் இச்செலவு தக்கதே. கணக்குகளால் முடிவு காண இயலாத வினா இஃது. செய்யும் முறையும் எளியது. கோள் தன் விண்மீனுக்குப் பின்னே மறையுமுன் இரண்டன் வெப்ப ஒளியும் சேர்ந்து வருகிறது; மறைந்தபின் விண்மீனின் ஒளி மட்டுமே வருகிறது. குறைந்த அளவே கோளின் பகற்பக்கம் தந்த வெப்பம். காற்றற்ற பாறை தரவேண்டிய அளவினும் அது குறைந்திருந்தால், எஞ்சியதைக் காற்று இருட்பக்கத்துக்குச் சுமந்து சென்றிருத்தல் கூடும்.