பொரியாத முட்டைகள் உரைப்பது யாது?



காஞ்சிபுரத்திற்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை அடுத்துள்ள தாமலிலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு மடல் எழுதியுள்ளார். கணவருடன் பட்டுத்தறியில் உழைப்பவர். வீட்டுச் செலவுக்கு உதவுமெனக் கருதி, தெர்மாகோல் பெட்டியொன்றை விலைக்கு வாங்கி, 24 நாட்டுக்கோழி முட்டைகளை அதில் வைத்தார். 5 குஞ்சுகளே பொரித்தன. எஞ்சிய 19 முட்டைகளும் குப்பைக்குழிக்குச் சென்றன. "உன் கைராசி அப்படி" என்று வீட்டுப் பெரியவர்கள் கூறிவிட்டனராம். மறுமுறை முட்டை வைக்கக் கை நடுங்குகிறது என்கிறார்.

கைராசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வீட்டில் எது கெட்டாலும் மருமகளின் கையைக் குறை கூறும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. அந்த 19 முட்டைகளையும் எறியுமுன் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்திருந்தால், குறை எங்கே என்பதை அவையே கூறியிருக்கும். நாற்றம் பொறுத்துக்கொள்ள வேண்டிய வேலைதான். ஆயினும் இதைவிடச் சிறந்த ஆசான் இத்தொழிலில் இல்லை.

உடைத்த முட்டையுள் கருவின் சுவடே இல்லையெனில் அது பெரும்பாலும் கருவுறாத முட்டை. 8 அல்லது 10 பெட்டைக்கு ஒரு சேவலேனும் இருத்தல் வேண்டும். அச்சேவலும் முதுமையுற்றதாக இருத்தலாகாது. கடையில் விற்கும் வெள்ளை முட்டையை வைத்துப் பார்ப்போரும் உளர். நாமக்கல் பண்ணைகளில் சேவலின்றிக் கூண்டில் வளரும் கோழிகள் இட்டவை அவை. அவற்றை எத்தனை நாள் வைத்தாலும் பயனில்லை.

மஞ்சட்கருவின்மேல் சிவந்த வளையம் போல் குருதிக்கோடு காணப்பட்டால், கரு உருவாகிச் சில நாள்களிலேயே மடிந்தது என்று பொருள். நம் பகுதியில் இதற்கு முதற்காரணம் பெட்டியன்று. பெட்டியில் வைக்குமுன் முட்டையைச் சேர்த்து வைத்த இடமே. 25 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் கரு மெல்ல வளரத் தொடங்கிவிடுகிறது. வளரப் போதிய வெப்பமும் இல்லை, உறங்கப் போதிய குளிர்ச்சியும் இல்லை; அந்நிலையில் நலிந்து மடிகிறது. சித்திரை, வைகாசியில் காஞ்சிபுரத்து ஓட்டு வீட்டின் உறியிலும் பரணிலும் பத்து நாள் கிடந்த முட்டையிடம் நாம் எதனை எதிர்பார்க்க இயலும்? ஈர மணலில் பாதி புதைத்த மண்பானையுள், கூரிய முனை கீழ்நோக்கியிருக்க முட்டைகளை அடுக்கி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தல் நலம். ஒரு வாரத்திற்குள் அடைவைத்துவிட வேண்டும். கோடையில் மூன்று நான்கு நாளே உத்தமம். குளிர்சாதனப் பெட்டியின் கடுங்குளிரும் ஏற்றதன்று. முட்டையை நீரால் கழுவுதலும் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு நீங்கி, நுண்கிருமிகள் எளிதில் உட்புகும். பெட்டிக்குள் முட்டை வெடித்து நாறுவது பெரும்பாலும் அக்கிருமிகளாலேயே.

இனி வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். விசிறியுள்ள பெட்டியில் 37.5 டிகிரி, விசிறியில்லாத பெட்டியில், முட்டையின் மேல்மட்டத்தில் அளக்கும்போது ஏறத்தாழ 38.5 டிகிரி. இவ்வளவே கணக்கு. ஆனால் மலிவான பெட்டிகளுடன் வரும் மின்னணு வெப்பமானி ஒரு டிகிரி பொய் கூறுவது அரிதன்று. அந்த ஒரு டிகிரியே 21 நாளில் உயிரைப் போக்கப் போதுமானது. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இருக்குமே! ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் இரண்டையும் ஒருங்கே வைத்து ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். தெர்மாமீட்டர் இல்லாத பழங்காலத்தில் எகிப்து நாட்டார் மண் செங்கற் சூளைகளில் முட்டை பொரிக்கச் செய்தனர். முட்டையை மூடிய கண்ணிமைமீது வைத்து வெப்பத்தை மதிப்பிட்டனர். அக்கலையை ஆராய்ந்து 1749-ஆம் ஆண்டு நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், தாமே ஒரு வெப்பமானி அளவுமுறையை வகுத்தவர் என்பது சுவையான செய்தி.

19 அல்லது 20-ஆம் நாளே குஞ்சுகள் வெளிவந்து, தொப்புள் ஆறாது குருதி கசிந்தால் வெப்பம் மிகுதி. 22, 23-ஆம் நாள் வரை இழுபறியானால் வெப்பம் குறைவு. தாமே பெட்டி செய்வோருக்கு ஒரு சொல்: பழைய குண்டு பல்பு எரிந்துபோனதும் அவ்விடத்தில் எல்.இ.டி. பல்பைப் பொருத்திவிடுகின்றனர். அது ஒளி தரும். முட்டைக்கு வேண்டிய சூட்டைத் தராது.

முழு வளர்ச்சியுற்ற குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்து கிடப்பது எல்லாவற்றிலும் துயரமானது. அதன் உடலைப் பாருங்கள். நீர் கோத்து வீங்கி, முட்டையின் பருத்த முனையிலுள்ள காற்றறை சிறுத்திருந்தால் ஈரப்பதம் மிகுதி. சவ்வு காய்ந்து உடலோடு ஒட்டியிருந்தால் ஈரப்பதம் போதவில்லை. முதல் 18 நாள் 50 முதல் 55 விழுக்காடும், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 விழுக்காடும் வேண்டும். வறண்ட காற்றில் இழை அறுவதை அன்றாடம் காணும் நெசவாளர் இல்லத்தார்க்கு ஈரத்தின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. நீர்க்கிண்ணத்தின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு ஈரம், ஆழத்தினால் பயனில்லை.

தலை கூரிய முனையில் இருக்கக் குஞ்சு இறந்திருந்தால், முட்டை தலைகீழாக வைக்கப்பட்டிருந்ததா என எண்ணிப் பார்க்க வேண்டும். முட்டையை நாளொன்றுக்கு மூன்று முறையேனும் புரட்டுதல் இன்றியமையாதது. ஒருபுறம் பெருக்கல் குறியும் மறுபுறம் வட்டமும் பென்சிலால் இட்டுக்கொண்டால் மயக்கம் நேராது. தறியில் அமர்ந்தால் நேரம் போவது தெரியாதென்போர், காலை செபத்தின்போதும் நண்பகல் உணவின்போதும் இரவு உறங்குமுன்னும் புரட்டலாம். 18-ஆம் நாள் முதல் புரட்டுதலை நிறுத்திவிட வேண்டும்.

மின்தடை குறித்தும் சகோதரி வினவியுள்ளார். அஞ்ச வேண்டா. அடையிலிருக்கும் கோழியும் நாள்தோறும் இரை தேடச் சற்று நேரம் எழுந்து செல்வதுதானே! கருவுக்குச் சிறிது நேரக் குளிர்ச்சியைக் காட்டிலும் மிகுந்த சூடே கொடிய பகை. மின்சாரம் நின்றதும் மூடியைத் திறவாது, காற்றுத் துளையை விட்டுவிட்டுக் கம்பளியால் போர்த்துங்கள். நெடுநேரம் நீடித்தால் வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணி சுற்றி, முட்டையின்மேல் படாதவாறு உள்ளே வைக்கலாம்.

கடைசி நாளில்தான் நம் பொறுமை சோதிக்கப்படுகிறது. ஓட்டில் துளை விழுந்தபின் குஞ்சு வெளிவர 12 மணி முதல் 24 மணி நேரம் ஆகலாம். குழந்தைகள் ஆவலால் மூடியை அடிக்கடி திறப்பர். உள்ளீரம் வெளியேறிச் சவ்வு இறுகிக் குஞ்சைப் பிணித்துவிடும். இரக்கத்தால் ஓட்டை உரித்துவிடுவதும் தீங்கே. குருதி நாளங்கள் வற்றுமுன் உரித்தால் குஞ்சு குருதி சிந்தி மடியும். பொரித்த குஞ்சுகள் வயிற்றினுள் ஈர்த்துக்கொண்ட மஞ்சட்கருவினால் இரண்டு நாள் வரை இரையின்றியும் தாங்கும். ஆதலால் அவற்றை எடுக்கவும் அவசரம் வேண்டா, உடல் உலரட்டும்.

சகோதரி மறுமுறை 24 வைக்காது 10 வைக்கட்டும். ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் கைவிளக்கின்மேல் முட்டையைப் பிடித்தால், உயிருள்ளதில் சிலந்தி வலை போன்ற நாளங்கள் தெரியும். தெளிவாக இருப்பவற்றை நீக்கி, எண்ணிக்கையை நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும். மேலும் ஐயம் எழுந்தால், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கேட்கலாம். குறித்து வைத்த அத்தாளையும் உடன் எடுத்துச் செல்லட்டும். பொரியாதவற்றுள் எத்தனை தெளிவாயிருந்தன, எத்தனையில் குருதி வளையம், எத்தனையில் முழுக்குஞ்சு என்பதையே அவர்கள் முதலில் வினவுவர்.