சீருடை அணிந்த பெண்ணுக்கு வேறு நீதிமன்றமா?

விமானப்படை வளாகம் ஒன்றில் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உணவுக்கூடத்தில் பாத்திரம் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி. மற்றவர் தோளில் பட்டை அணிந்த அதிகாரி. படையைச் சேர்ந்த ஒருவன் அந்தத் தொழிலாளியைப் பாலியல் வன்கொடுமை செய்தால், வழக்கு ஊர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதையே அந்த அதிகாரிக்குச் செய்தால், படையே அவனை வாங்கிக்கொண்டு போய்த் தன் சொந்த நீதிமன்றத்தில் நிறுத்தலாம்.

இது கற்பனைக் குழப்பமல்ல, சட்டத்தில் இருப்பது. விமானப்படைச் சட்டத்தின் 72ஆம் பிரிவும் தரைப்படைச் சட்டத்தின் 70ஆம் பிரிவும் கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களை ராணுவ நீதிமன்றம், அதாவது கோர்ட் மார்ஷல், விசாரிக்கக் கூடாது என்கின்றன. போர்ப் பணி, வெளிநாடு, எல்லைச் சாவடி என்று சில விலக்குகள் உண்டு. ஆனால் இந்தத் தடையே, பாதிக்கப்பட்டவர் 'படைச் சட்டத்துக்கு உட்படாதவர்' என்றால்தான். உட்பட்டவர் என்றால் தடை கிடையாது.

இரண்டு சட்டங்களும் 1950இல் எழுதப்பட்டவை. அரசு தனியே அறிவிக்கும் பிரிவுகளைத் தவிர, பெண்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்பதும் அதே சட்டங்களில்தான் இருக்கிறது. படையில் பெண் என்றால் அன்று பெரும்பாலும் செவிலியர்தான். ஒரு பெண் அதிகாரி தன் சக அதிகாரி மீது புகார் கொடுக்கும் காட்சி அன்றைய சட்டம் எழுதியவர்களின் மனதில் இருந்திருக்க வழியில்லை. 1992 முதல் மற்ற பிரிவுகளிலும் பெண்கள் அதிகாரிகளாக வந்தார்கள். சட்டத்தின் வரி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்த வரி என்ன செய்யும் என்பதைக் கோயம்புத்தூர் பார்த்தது. 2021 செப்டம்பரில், ரெட்ஃபீல்ட்ஸில் உள்ள விமானப்படை நிர்வாகக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் அதிகாரி, உடன் பயிற்சி பெற்றவர் மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தார். முதலில் சொன்னது கல்லூரி மேலதிகாரிகளிடம். அங்கே புகாரைத் திரும்பப் பெறும்படி தன்னை நெருக்கியதாகவும், விமானப்படை மருத்துவமனையில் தனக்கு இரு விரல் பரிசோதனை நடந்ததாகவும் அவர் குற்றம் சாட்டினார். அப்படி ஒரு பரிசோதனை நடக்கவே இல்லை என்றார் அப்போதைய விமானப்படைத் தலைமைத் தளபதி வி.ஆர்.சௌத்ரி. எது உண்மை என்று தீர்ப்பளிப்பது நம் வேலையல்ல. நாட்டையே காக்கும் படையில் இருக்கும் ஒருவர், கடைசியில் அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் படியேற வேண்டிவந்தது என்பது மட்டும் மறுக்க முடியாதது. போலீஸார் வழக்குப் பதிந்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவரைக் கைதும் செய்தார்கள். சில நாட்களில் விமானப்படை அவரைக் கேட்டது. மகளிர் நீதிமன்றம் ஒப்படைத்தது.

நீதிமன்றத்தைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எந்த அமைப்பின் அதிகாரிகள் தன்னை நெருக்கியதாகச் சொல்லி அந்தப் பெண் வெளியே வந்தாரோ, அதே அமைப்பின் கைக்கு வழக்கைத் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டைச் சட்டமே செய்துவைத்திருக்கிறது. குற்றவியல் நீதிமன்றம், ராணுவ நீதிமன்றம் இரண்டுக்கும் அதிகாரம் இருக்கும் வழக்கில் எங்கே விசாரிப்பது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, விமானப்படைச் சட்டத்தின் 124ஆம் பிரிவின்படி படை அதிகாரிக்கு. புகார் கொடுத்தவரிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை.

ராணுவ நீதிமன்றம் என்றதும் பலர் மனதில் கறாரான, பாரபட்சமற்ற, சட்டென்று முடிகிற ஒரு விசாரணை தோன்றும். சினிமா கொடுத்த படம் அது. உண்மையில் பொது ராணுவ நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் உட்காருவார்கள். அவர்கள் சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. சட்டம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பார், ஆலோசனை சொல்வார். அவருக்கு வாக்கு கிடையாது. நீதிமன்றத்தைக் கூட்டுவதே ஒரு மேலதிகாரி. அது சொல்லும் முடிவு செல்லுபடியாக மேலதிகாரி ஒருவர் அதை உறுதி செய்ய வேண்டும். பிடிக்காவிட்டால் ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். நாளை அதே மேலதிகாரிகளிடம் பதவி உயர்வுக்கான மந்தண அறிக்கை வாங்க வேண்டியவர்கள்தான் இன்று நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

படைக்குள் நீதியே கிடைக்காது என்று நாம் சொல்லவில்லை. 2016இல் கேப்டன் நிலைப் பெண் அதிகாரி ஒருவரிடம் தவறாக நடந்ததாக எழுந்த புகாரில், மேஜர் ஜெனரல் ஒருவரைப் பணியிலிருந்து நீக்க 2018 டிசம்பரில் ராணுவ நீதிமன்றம் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு தரைப்படைத் தலைமை அதை உறுதி செய்தது. தலைமை மனம் வைத்தால் நடக்கிறது என்பதற்கு அது சான்று. தலைமை மனம் வைக்காத இடத்தில் பணிபுரியும் பெண் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

'கட்டுப்பாடு குலைந்துவிடும்' என்பது பழைய பதில். தளபதியின் கையில் தண்டிக்கும் அதிகாரம் இல்லாவிட்டால் படை படையாக இருக்காது என்பார்கள். அவர்கள் தென்கொரியாவைப் பார்க்கலாம். வட கொரியாவுடன் 1953இல் போர்நிறுத்தம் மட்டுமே ஆனது, சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. எல்லையில் எப்போதும் விரல் விசையில்தான். 2021 மார்ச்சில் அந்நாட்டு விமானப்படையின் பெண் சார்ஜென்ட் ஒருவர் சக வீரர் மீது பாலியல் புகார் கொடுத்தார். சமாதானமாகப் போகச் சொல்லி மேலிருப்பவர்கள் நெருக்கினார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். மே மாதம் அவர் தற்கொலை செய்துகொண்டார். விமானப்படைத் தலைவர் பதவி விலகினார். அந்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2022 ஜூலை 1 முதல் ராணுவத்தினர் மீதான பாலியல் குற்ற வழக்குகள் குடிமைக் காவல் துறைக்கும் குடிமை நீதிமன்றங்களுக்கும் போகின்றன. தென்கொரியப் படை அதனால் கலைந்துபோய்விடவில்லை.

அமெரிக்கா அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் டெக்சாஸ் ராணுவத் தளத்தில் 2020இல் வீராங்கனை வனெஸ்ஸா கியென் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த கோபத்தில், பாலியல் வன்முறை வழக்கைத் தொடுப்பதா வேண்டாமா என்ற முடிவைத் தளபதிகளிடமிருந்து பறித்துத் தனி வழக்கறிஞர்களிடம் கொடுத்தது. 2023 டிசம்பர் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் படைப் பெண்களுக்குக் கிடைத்த பல உரிமைகள் வழக்குப் போட்டு வாங்கியவை. திருமணம் செய்துகொண்டதற்காக 1988இல் வேலையிலிருந்து அனுப்பப்பட்ட ராணுவச் செவிலியர் ஒருவருக்கு, அது பாலினப் பாகுபாடு என்று சொல்லி 60 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024இல். 36 ஆண்டுகள்! நிரந்தரப் பணி கேட்ட பெண் அதிகாரிகளின் வழக்கில், கிராமப்புறப் பின்னணி கொண்ட வீரர்கள் ஒரு பெண்ணின் கட்டளையை ஏற்க மாட்டார்கள் என்று மத்திய அரசு வாதாடியது. வீரர்கள் மீது பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்த்த அந்த வாதத்தை 2020 பிப்ரவரி 17 அன்று நீதிபதிகள் சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வு தூக்கி எறிந்தது. ஓராண்டு கழித்து, நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டு முறையே பெண்களை மறைமுகமாக ஒதுக்குகிறது என்று இன்னொரு தீர்ப்பும் சொல்ல வேண்டியிருந்தது. 

'சக அதிகாரியின் மனைவியின் அன்பைத் திருடுதல்' என்று ஒரு குற்றச்சாட்டு நம் படைகளில் வெகுகாலமாகப் புழங்குகிறது. படிக்கச் சிரிப்பு வரும். அந்தச் சொற்றொடரில் பெண் யார் என்று பாருங்கள். அதிகாரிக்குச் சொந்தமானவள், திருட்டுப் போகக்கூடியவள். அவளே அதிகாரி என்ற இடத்துக்கு அந்த மொழி இன்னும் வந்து சேரவில்லை.

குடிமை நீதிமன்றங்கள் தாமதமானவை என்பார்கள். தாமதம் உண்மைதான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் பாத்திரம் கழுவும் பெண்ணுக்கு அந்த நீதிமன்றம் போதுமானது என்றால் அதிகாரிக்கு ஏன் போதாது? ராணுவ ரகசியம் வெளியேறும் என்பதும் நிற்காது, பாலியல் வன்கொடுமை விசாரணை சட்டப்படி மூடிய அறைக்குள்தான் நடக்கிறது. படையினரின் பாலியல் வன்முறை சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழ் வர வேண்டும் என்று, பாலியல் குற்றச் சட்டங்களை ஆராய்ந்த நீதிபதி வர்மா குழு 2013லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. 2024 செப்டம்பரில் ஒரு பெண் விமானப்படை அதிகாரி காஷ்மீரின் புத்காம் காவல் நிலையத்தில் தன் மேலதிகாரி மீது பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்தபோதும், சட்டத்தின் அந்த வரி அப்படியேதான் இருந்தது.

பாலியல் குற்றங்களைப் பொறுத்தவரை 'படைச் சட்டத்துக்கு உட்படாத' என்ற நிபந்தனையை விமானப்படைச் சட்டத்தின் 72ஆம் பிரிவிலிருந்தும் தரைப்படைச் சட்டத்தின் 70ஆம் பிரிவிலிருந்தும் நாடாளுமன்றம் நீக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் ஆணானாலும் பெண்ணானாலும் அது பொருந்த வேண்டும். மசோதா வரும்வரை அரசு கைகட்டி நிற்க வேண்டியதும் இல்லை. வழக்கு எங்கே நடக்க வேண்டும் என்பதில் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் படைக்கும் இழுபறி வந்தால், இறுதி முடிவு மத்திய அரசுடையது என்று விமானப்படைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு சொல்கிறது. பாலியல் வழக்குகளில் அந்த முடிவு எப்போதும் குற்றவியல் நீதிமன்றத்தின் பக்கமே இருக்கும் என்று பாதுகாப்பு அமைச்சகம் ஒரு பக்கத்தில் கொள்கை அறிவிப்பு வெளியிடலாம். அதற்கு எந்த அவையின் ஒப்புதலும் தேவையில்லை.